தடுப்புச் சுவரின் செலவு யாருடையது?

நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் வீடு வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, கீழே சமவெளியில் வெயில், இங்கே இதமான குளிர். அந்த மாதங்களில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். சுவர் காய்ந்திருக்கும், கூரை ஒழுகாது, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு இறுகிக் கிடக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்க்கும் மழை எங்களுக்கு அவ்வளவாகக் கிடையாது. கோத்தகிரி, குன்னூர், கட்டபெட்டு என்று கிழக்கைப் பார்த்த சரிவுகளுக்கு அக்டோபர், நவம்பர்தான் சோதனைக் காலம். வீட்டில் எங்கே ஒழுகும், எங்கே ஊறும், எது நகரும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தெரியும்போது கிரயம் முடிந்திருக்கும், பணம் கைமாறியிருக்கும், விற்றவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குக் குடிபோயிருப்பார்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவன். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி இந்த மலையில் சரிந்த சாலையோரங்களுக்குக் கருங்கல் சுவர் எழுப்புவதில் போனது. அதனால் சுற்றுவட்டாரத்தில் யாராவது வீடு பேசினால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கண்ணா" என்று கூப்பிடுவார்கள். போவேன். அங்கே நான் காண்பது அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டி ஒப்பினியன் வாங்கிப் பத்திரமாகக் கவரில் வைத்திருப்பார்கள். கட்டடத்தைப் பற்றிக் கேட்டால், "புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். வங்கியிலிருந்து என்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போனதையும் சொல்வார்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கொடுக்கப்போகும் கடனுக்கு அந்த வீடு ஈடாகுமா என்று பார்க்க வருகிறவர். கூரைத் தகரத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணுவது அவருடைய வேலை இல்லை.

நம் கிரயப் பத்திரங்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். பின்னால் ஏதேனும் வில்லங்கம் தோன்றினால் விற்றவரே முன்நின்று தன் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பதாக வரிவரியாக எழுதியிருக்கும். வீட்டைப் பற்றி என்ன இருக்கும்? நான்கு எல்லை, சதுர அடி, கதவு, நிலவு, ஜன்னல், மின் இணைப்பு, அதன் டெபாசிட் சகிதம். அவ்வளவுதான். சுவர் நிற்குமா, கூரை தாங்குமா, மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. மனிதர்கள் ஆயுள் சேமிப்பைப் போட்டு வாங்குவது அந்தச் சுவரையும் கூரையையும்தான்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் பார்த்த ஒரு வீட்டைச் சொன்னால் விஷயம் புரியும். வாங்க வந்தவர் குன்னூரில் நர்ஸாக வேலை பார்ப்பவர். கணவர் பச்சைத் தேயிலை லாரி ஓட்டுகிறார். விற்பவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். மனைவி காலமாகிவிட்டார், மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார். வீடு சாலையிலிருந்து படி இறங்கிப் போகிற இடத்தில் இருக்கிறது. முன்பகுதி மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய கருங்கல் கட்டடம். பின்னால் சமையலறையும் குளியலறையும் பிற்பாடு ஹாலோ பிளாக்கில் சேர்த்தது. மேலே ஜிங்க் ஷீட். விலை 30 லட்சம் என்று பேச்சு முடிந்திருந்தது.

நான் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கமாட்டேன், நேரே பின்பக்கம் போய்விடுவேன். மலையை வெட்டித்தான் இங்கே வீட்டுக்கு இடம் கிடைக்கிறது. வெட்டிய மண்ணைப் பிடித்து நிறுத்தியிருக்கும் தடுப்புச் சுவரில்தான் வீட்டின் ஆயுள் இருக்கிறது. அந்தச் சுவர் பத்தடி உயரம். முழுக்க மேரக்காய்க் கொடி படர்ந்து, பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தது. கொடியை விலக்கி, ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நூல் கட்டிப் பார்த்தேன். நடுவில் சுவர் நூலைத் தள்ளிக்கொண்டு நாலு அங்குலம் முன்னே வந்திருந்தது. தண்ணீர் வடிவதற்கு விட்டிருந்த ஓட்டைகள் இரண்டே இரண்டு, இரண்டிலும் மண் அடைத்துப் புல் முளைத்திருந்தது. மேலே ஏறிப் பார்த்தால், தேயிலைத் தோட்டத்துத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டிய கால்வாய் தூர்ந்துபோய்க் கிடந்தது. மேலிருந்து வரும் மழைத் தண்ணீர் முழுவதும் சுவரின் முதுகுக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. மலையில் சுவர்கள் சாய்வதற்கு மண்ணின் பாரத்தைவிட, வடிய வழியில்லாமல் மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான் பெரிய காரணம். 2009 நவம்பரில் சில நாள் மழையில் இந்த மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனதை இங்கே யாரும் மறக்கவில்லை.

கொடிக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சுவரில் மேலிருந்து கீழே ஓடிய விரிசலின் குறுக்கே, சிமென்ட் வைத்து ஒட்டிய சின்னக் கண்ணாடித் துண்டு. நாங்கள் வேலையில் செய்கிற காரியம் இது. விரிசல் நின்றுவிட்டதா, இன்னும் விரிகிறதா என்று தெரிந்துகொள்ளக் குறுக்கே கண்ணாடி ஒட்டித் தேதி எழுதிவைப்போம். சுவர் துளி அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். இங்கே அது இரண்டாக உடைந்திருந்தது.

"இதை யாருங்கண்ணா ஒட்டினது?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"அந்தப் பெரிய மழைக்கு அப்புறம் ஒரு கொத்தனாரு ஒட்டிட்டுப் போனாருப்பா."

"எப்ப உடைஞ்சது?"

கொஞ்சநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மூணு மழைக்கு முன்னாடி. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. கேட்டவுடன் ஒளிக்காமல் சொன்னார். நம் ஊரில் வீடு விற்கிறவர் குறையை வாய்விட்டுச் சொல்வது வழக்கத்தில் இல்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை. ஆனால் சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, விற்பவருக்கு விதிக்கும் முதல் கடமையே இதுதான்: தனக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்தில் இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை இது எல்லா விற்பனைக்கும் பொருந்தும். 140 ஆண்டுகளைத் தாண்டிவிட்ட இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லி ஒரு வீடு பேசப்பட்டதை நான் பார்த்ததில்லை.

அந்தச் சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'சாதாரணக் கவனம்' என்றால் எவ்வளவு? கொடியை விலக்கிப் பார்ப்பது சாதாரணக் கவனமா, ஓவர்சியர் பார்க்கிற பார்வையா? வீடு வாங்கி மூன்று வருடம் கழித்துச் சுவர் விழுந்த பிறகு இந்தக் கேள்வியோடு நீதிமன்றத்துக்குப் போனால், பதில் வருவதற்குள் இரண்டாவது சுவரும் விழுந்துவிடும். அதனால்தான் நான் சொல்கிறேன், இந்தப் பேச்சு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். சுவரைப் பிரித்து, அஸ்திவாரம் தோண்டி, பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டு, மேல் கால்வாயையும் சீர்செய்து கட்ட நாலு லட்சம் ஆகும் என்று எங்கள் பக்கத்துக் கொத்தனார் கணக்குச் சொன்னார். சமவெளிக்காரர்களுக்கு இது அதிகமாகத் தெரியலாம். இங்கே கல்லும் மணலும் சிமென்டும் சாலையில்தான் இறங்கும். அங்கிருந்து வீடு வரை படியிறங்கித் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஜேசிபி இறக்கலாம் என்றால் இந்த மாவட்டத்தில் அதற்கு அதிகாரிகளிடம் முன்அனுமதி வேண்டும், அந்த வண்டி இறங்க அங்கே வழியும் இல்லை. கூரைத் தகரம் ஆணியடித்த இடங்களைச் சுற்றித் துருப்பிடித்திருந்தது. மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல். சமையலறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம்.

நர்ஸம்மா எல்லாவற்றையும் கூட்டி ஐந்தரை லட்சம் விலையில் குறைக்கச் சொன்னார். பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பழைய வீடுன்னு தெரிஞ்சுதானேம்மா விலை பேசினீங்க?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

நான் சொன்ன தீர்ப்பு இது. தகரத்துக்கு வயதாகிவிட்டது என்பது வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும். 30 லட்சம் என்ற விலையில் அந்த வயதும் சேர்ந்திருக்கிறது. அதே அளவில் புதுக்கூரை போட்ட வீடு அந்த விலைக்குக் கிடைக்காது. அதனால் கூரை வாங்குபவர் செலவு. சமையலறை ஓதம் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரால் வருவது. சுவர் சரியானால் அதுவும் ஒரு கோடையில் காய்ந்துவிடும், அதற்குத் தனிக்கணக்கு வேண்டாம். சுவர் மட்டும் முழுக்க முழுக்க விற்பவர் செலவு. உடைந்த கண்ணாடி அவர் கண்ணெதிரே இருந்தது, வாங்க வந்தவர் கண்ணுக்கு அது கொடிக்குள் மறைந்திருந்தது. தெரிந்தவர் யாரோ அவர்தான் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சரிப்பா, நானே கட்டிக் குடுத்துடறேன்" என்றார்.

அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். வீட்டை விட்டுப் போகப்போகிறவர் செய்கிற ரிப்பேரை நான் நம்புவதில்லை. இதில் அவருடைய நேர்மையைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. நாளைக்கு இன்னொருவருடையதாகப் போகிற சுவருக்கு எவரும் ஆழமாக அஸ்திவாரம் தோண்டமாட்டார். வீங்கிய சுவரின் முகத்தில் சிமென்ட் பூசி, வெள்ளையடித்து ஒப்படைத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை பழுதான சுவரைவிட ஆபத்தானவை, ஏனென்றால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

அப்படியானால் நாலு லட்சத்தை விலையில் கழித்துவிட்டு, வாங்குபவரே கட்டிக்கொள்ளட்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வழி. கையில் ரொக்கம் வைத்திருப்பவருக்கு அது சரி. கடன் வாங்கி வீடு வாங்குகிற நர்ஸுக்குச் சரிவராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு, வங்கி அதிகபட்சம் சொத்து மதிப்பில் 90 சதவீதம்தான் கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு 27 லட்சம் கடன் கிடைத்தால் கையிலிருந்து 3 லட்சம் போதும். விலையை 26 லட்சமாகக் குறைத்தால் கடனும் 23 லட்சத்து 40 ஆயிரமாகக் குறையும். கையிலிருந்து 2 லட்சத்து 60 ஆயிரம், அதோடு சுவர் கட்ட 4 லட்சம், ஆக 6 லட்சத்து 60 ஆயிரம் ரொக்கம் வேண்டும். இதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த மாதிரி விலைகளில் அதையெல்லாம் வங்கி வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் தராது. விலை குறைந்ததால் பத்திரச் செலவில் கொஞ்சம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் நாலு லட்சம் குறைந்தும் வீடு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் புரோக்கர்கள் ஒரு யோசனை சொல்வார்கள். பத்திரத்தில் 30 என்றே இருக்கட்டும், நாலை விற்றவர் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடட்டும் என்பார்கள். செய்யாதீர்கள். உண்மை விலையை மறைத்துக் கடன் வாங்குவது வங்கியை ஏமாற்றுவது. ரொக்கம் திரும்பி வராவிட்டால் கேட்கவும் முடியாது, காட்ட ஒரு தாள் இருக்காது.

நாங்கள் செய்தது வேறு. விலை 30 லட்சமாகவே இருந்தது. அட்வான்ஸ் 5 லட்சம். அதில் 4 லட்சத்தை விற்பவர் சுவருக்கே செலவிட வேண்டும். கட்டுகிற கொத்தனாரை வாங்குபவர் தேர்ந்தெடுப்பார், மேற்பார்வையும் அவர் தரப்பிலேயே நடக்கும். அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, பாதி உயரத்தில் ஒரு பங்கு, மேல் கால்வாய் முடிந்ததும் மீதி என்று கொத்தனாருக்குப் பெரியவரே பணம் கொடுப்பார், ரசீது இருவர் கையிலும் இருக்கும். சுவர் முடிந்த பிறகுதான் கிரயம். பணம் விற்பவருடையது, கொத்தனார் வாங்குபவருடைய ஆள். கிரயம் நடக்கும் நாளில் அந்த வீட்டில் உண்மையிலேயே நல்ல சுவர் இருக்கிறது, ஆகவே 30 லட்சம் என்பதும் உண்மை விலை, வங்கிக்கும் எதையும் மறைக்கவில்லை. மார்ச்சில் வேலை தொடங்கி மழைக்கு முன்னால் சுவர் எழுந்தது. ஜூனில் பத்திரம் பதிவானது. நவம்பர் மழையில் சுவரின் ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் வடிந்ததாக நர்ஸம்மா போன் பண்ணிச் சொன்னார். வடியத்தான் வேண்டும், அதற்குத்தான் விட்டது.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம், ஒவ்வொன்றையும் கிரய ஒப்பந்தத்தில் எழுதி அந்த ஒப்பந்தத்தைப் பதிவும் செய்ததுதான். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வது கட்டாயம். இன்றும் பலர் முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதிவுசெய்திருந்தால், சுவர் கட்டி முடித்த பிறகு வேறொருவர் கூட விலை தருகிறார் என்று விற்பவர் மனம் மாறினாலும், வாங்குபவர் கையில் வலுவான ஆவணம் இருக்கும். வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம். பெரியவருக்கும் அது பாதுகாப்பு.

ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவில் மழை வந்து மண் சரிந்தால் யார் பொறுப்பு என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நம் சட்டப்படி ஒப்பந்தம் போட்டதாலேயே வீடு வாங்குபவருடையதாகிவிடாது. ஒப்படைக்கும் நாள்வரை சொத்தை ஒரு கவனமான உரிமையாளரைப்போல் பார்த்துக்கொள்ள வேண்டியது விற்பவரின் கடமை. கிரயம் முடிந்த நொடியிலிருந்து, விற்றவரால் வராத சேதமெல்லாம் வாங்கியவர் தலையில். சாவி வாங்க ஒரு வாரம் ஆகும் என்று விட்டுவைத்தால், அந்த ஒரு வாரத்து மழையும் அவருடையதே.

விற்பவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் விற்பவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள் இல்லை. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காமல் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் கடனுக்காக வீட்டை விற்கிறார்கள். அவர்களிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அவர்கள் அந்தப் பணத்தைக் கீழே வேறு வீட்டுக்குக் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும், "கதவு சரியில்லை, தரை பெயர்ந்திருக்கு, இன்னும் ரெண்டு லட்சம் குறைங்க" என்று பதிவுக்கு முந்தின நாள் வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். இது கழுத்தைப் பிடிக்கிற வேலை. கண்ணுக்குத் தெரிந்த குறை எதுவானாலும் ஒப்பந்தம் கையெழுத்தானதோடு பேச்சு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச உரிமை உள்ளது மறைத்த குறைக்கும் புதிதாக வந்த சேதத்துக்கும் மட்டும்தான்.

படகர் ஊர்களான ஹட்டிகளில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். விற்பவரும் வாங்குபவரும் மட்டும் பேசி முடித்தால் போதாது, பக்கத்து வீட்டுக்காரரும் திண்ணையில் உட்கார வேண்டும். அந்தச் சுவரில் கைவைக்கும் முன் செலவைப் பாதியாகப் பிரிப்பதா, எப்படி என்று அவர் கையெழுத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

ரிப்பேர் என்றால் சுவரும் கூரையும் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் ஏற்றிய மாடியும் ஒரு பழுதுதான், அதிலும் கொத்தனாரால் சரிசெய்ய முடியாத பழுது. மலைப்பகுதியில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அதை மீறிய தளத்துக்கு நாளை சீல் வைத்தால், பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கப்போவது வாங்கியவர். இந்தப் பழுதுக்கு விலையில் கழிவு வாங்கிக்கொண்டு சமாதானம் ஆகாதீர்கள். அப்ரூவல் பிளானும் கட்டடமும் ஒத்துப்போகாத வீட்டை, விற்பவர் சரிசெய்து கொண்டுவரும்வரை வாங்காதீர்கள்.

புது அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்கு இவ்வளவு கவலை இல்லை. 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தரும்படி கட்டுநரைக் கட்டாயப்படுத்துகிறது. பழைய வீட்டை ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்கு விற்கும்போது அந்தச் சட்டம் வராது. கட்டபெட்டிலும் கோத்தகிரியிலும் கைமாறும் வீடுகளில் மிகப்பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஸ்காட்லாந்தும் மலையும் மழையும் உள்ள நாடு. அங்கே 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்குக் கொண்டுவரும்போதே விற்பவர் தன் செலவில் ஒரு சர்வேயரை வைத்து வீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். கூரை, சுவர், ஓதம், வடிகால் என்று ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று தரம் போடுவார்கள். 3 என்றால் உடனே கவனிக்க வேண்டிய பழுது. விலை பேச வருகிறவர் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். நியூயார்க் மாநிலத்தில் வேறு கதை நடந்தது. வீட்டின் குறைகளை எழுதித்தர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தபோது, எழுதித்தர விரும்பாத விற்பனையாளர் வாங்குபவருக்கு 500 டாலர் கழித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று ஒரு வழியும் விட்டார்கள். பலர் 500 டாலரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். 2024 மார்ச் 20 முதல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள், இப்போது எழுதித்தான் தர வேண்டும். ரிப்பேர் செலவில் பேரம் பேசலாம், உண்மையைச் சொல்வதில் பேரம் இருக்கக்கூடாது என்று அவர்கள் கண்டுகொண்டதை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு ஸ்காட்லாந்து அளவுக்குச் சர்வேயர்களும் அறிக்கைகளும் உடனே வராது. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. கிரய ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வது கட்டாயம் என்று இருக்கும்போது, அதோடு இணைக்க ஒரு பக்கப் படிவத்தைப் பத்திரப் பதிவுத் துறை கொண்டுவர முடியும். தடுப்புச் சுவரில் விரிசலோ வீக்கமோ உண்டா? கூரை எந்த ஆண்டு போட்டது? மழையில் எந்த அறை ஊறுகிறது? இந்த இடத்தில் முன்பு மண் சரிந்திருக்கிறதா? பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் உண்டா? கட்டடம் அப்ரூவல் பிளான்படி இருக்கிறதா? விற்பவர் தனக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கீழே, எந்தப் பழுது யார் செலவு, எந்தத் தேதிக்குள், யார் கொத்தனார் என்று இருவரும் சேர்ந்து நிரப்பட்டும். 55-ஆவது பிரிவு இத்தனை காலம் வெறும் சட்டப் புத்தகத்தில் இருந்தது, இந்தத் தாள் வந்தால் அதற்குச் சாட்சி கிடைக்கும். தெரியாது என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது.

கோத்தகிரி, குன்னூர், ஊட்டியில் பத்திரம் எழுதுகிறவர்களும் வக்கீல்களும் அரசாணைக்காகக் காத்திராமல், அடுத்து வரும் ஒப்பந்தத்திலேயே இந்தக் கேள்விகளைச் சேர்த்து எழுத ஆரம்பிக்கலாம். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அரசு செய்ய வேண்டியது, இந்தப் படிவத்தை மலை மாவட்டமான நீலகிரியில் முதலில் கட்டாயமாக்குவது. வரும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்று பத்திரப் பதிவுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.